கறை படாத அடுப்பு

மார்ச் 4, செவ்வாய்

சுற்றறிக்கை வந்துவிட்டது. நான்கு பக்கம், இரண்டு முத்திரை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மாநிலக் காப்பீட்டுத் திட்டம் அடியோடு மாறுகிறது, பழைய அட்டை எதுவும் செல்லாது. ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் நான் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. இது மூன்றாவது திட்டம். ஒவ்வொன்றும் மேளதாளத்தோடு வரும். சந்தேகம் கேட்கிறவர்கள் மட்டும் என் ஜன்னலுக்கு வருவார்கள்.

சும்மா குறை சொல்லவும் மனசு வரவில்லை. தோட்டவேலை செய்யும் பெரியவர் ஒருவர் இரண்டு வருஷமாக வருகிறார், மனைவிக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாததால் பழைய திட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. புதியதில் உண்டு. இன்று சொன்னேன். "நிஜமாவாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அவர் போனதும் கண்ணாடியில் எண்ணெய்த் தடம். துடைத்துவிட்டேன். துடைத்த பிறகு, விட்டுவைத்திருக்கலாமே என்று தோன்றியது. என் கைக்கு அதெல்லாம் தெரியாது. கறையைப் பார்த்தால் அதுபாட்டுக்குத் துணியை எடுக்கும்.

மார்ச் 6, வியாழன்

மூன்றாம் பக்கத்தை இன்று நிதானமாகப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 12, புதன்

மதிய இடைவேளை. கவுன்டரில் அடுத்தவர்களுக்கு விளக்குவது போல எனக்கே எழுதி விளக்கிக்கொள்கிறேன், அப்போதாவது தலைசுற்றல் நிற்கிறதா பார்ப்போம்.

மூன்றாம் பக்கம், ஏழாவது பிரிவு: "ஒரே சமையலறையில் உணவு சமைத்து உண்ணும் அனைவரும் ஒரே குடும்பமாகக் கருதப்படுவர்." ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை. வருமானத்தை எல்லாம் கூட்டிப் பார்ப்பார்கள். வரம்புக்குக் கீழே என்றால் இலவசம். மேலே என்றால் சந்தா கட்ட வேண்டும்.

எங்கள் சமையலறையில் சாப்பிடுவது நான்கு பேர். லிஃப்ட் பழுது பார்க்கும் என் வீட்டுக்காரர், நான், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், அக்கா. அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். பதினைந்து வருஷமாகப் பின்னறை அவளுடையது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், பதினெட்டுப் பிள்ளைகள். "ஏன் கல்யாணம் பண்ணிக்கலை?" என்று யாராவது கேட்டால், "பதினெட்டு போதாதா?" என்பாள்.

இதுவரை அக்காவுக்குத் தனி அட்டை. சம்பாதிக்கிற ஒவ்வொருவருக்கும் தனி அட்டை இருந்தது. அதில்தான் எட்டு வாரத்துக்கு ஒரு முறை முடக்குவாதத்துக்கான மருந்தை டிரிப்பில் ஏற்றிக்கொள்கிறாள். அந்த மருந்துக்கு முன்னால் அவளால் சீப்புக்கூடப் பிடிக்க முடியாது, நான்தான் வாரிவிடுவேன். இப்போது ஸ்டீயரிங் பிடிக்கிறாள்.

புதிய கணக்கில் எங்களோடு சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடுகிறோம். சந்தாவை எப்படியாவது கட்டிவிடலாம். ஆனால் சந்தா கட்டுகிறவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய் முதல் வருஷம் செல்லாது. ஒரு வருஷம் என்றால் ஆறு டிரிப். ஒரு டிரிப் என் மூன்று மாதச் சம்பளம்.

எழுதிப் பார்த்தும் தலைசுற்றல் நிற்கவில்லை. அடுத்த டிரிப் ஏப்ரல் பதினேழு.

மார்ச் 15, சனி

இந்தப் பத்து நாளில் கவுன்டருக்கு வந்த முப்பது நாற்பது பேருக்காவது குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்லியிருக்கிறேன்: "தனியா ஒரு அடுப்பு வெச்சுக்கங்க. தனிக் குடும்பம்னு எழுதிடலாம்." ஊருக்குத்தானா உபதேசம்? எனக்கு இல்லையா?

காலையிலேயே வீட்டுக்காரர் ஒற்றை அடுப்பு ஒன்று வாங்கி வந்து பின்னறை ஜன்னல் ஓரத்தில் மேஜை போட்டு வைத்துவிட்டார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"அப்ப நான் உன் குடும்பம் இல்லைன்னு எழுதணும். அவ்வளவுதானே?"

"காகிதத்துலதான்க்கா."

"கையெழுத்தும் காகிதத்துலதான் போடறோம்."

சொன்னாளே தவிர, விண்ணப்பத்தை வாங்கி அழகாகக் கையெழுத்துப் போட்டாள். மருந்து வேலை செய்கிற கை. நான் அந்தக் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்பது பொய். பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

விண்ணப்பம் ஏற்றியாயிற்று. நிலை: "பரிசீலனையில்." காலையிலிருந்து ஏழு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

பதினொரு மணிக்குச் சரிபார்க்க ஆள் வருவதாக நேற்றே செய்தி. அரை நாள் விடுப்பு போட்டேன். ஆய்வாளர் என் வயசுப் பெண். கொடுத்த தண்ணீரைக் குடித்தார், மரியாதையாகத்தான் பேசினார். பின்னறைக்கு வந்து அடுப்புக்கு முன்னால் குனிந்தார். பர்னருக்கு அடியில் ஒரு விரலை விட்டுத் தடவினார். விரலைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இதுல சமைக்கிறீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒரு வருஷமா."

"எங்க வீட்டு அடுப்பை ரெண்டு நாள் துடைக்காம விட்டா கண்ணால பார்க்க முடியாது. இது கடையில இருந்து நேத்து வந்த மாதிரி இருக்கு."

நேற்று வரவில்லை. பத்தொன்பது நாளாகிறது. கணக்குக்காக நாலைந்து தடவை அக்கா அதில் டீ கூடப் போட்டாள், ஒரு நாள் பால் பொங்கி வழிந்தது. ஆனால் இன்று காலை எழுந்ததும் கம்பி நார் போட்டு அந்த அடுப்பை நான் தேய்த்தேன். வழிந்த பாலையும் சுரண்டி எடுத்தேன். ஆள் வருகிறார்களே, அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று. முகம் தெரிகிற அளவுக்கு. பக்கத்தில் ஒரு புதுத் தீப்பெட்டி வேறு.

"பயன்பாட்டில் இல்லாத அடுப்பு" என்று எழுதிக்கொண்டு போனார்.

"பொய் சொல்றதுலயும் உனக்குச் சுத்தம் வேணும்" என்றார் வீட்டுக்காரர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 4, வெள்ளி

நிலை: "நிராகரிக்கப்பட்டது." நான் ஒரு முட்டாள். வேறு என்ன எழுத.

ஏப்ரல் 17, வியாழன்

டிரிப் நாள். மருந்தறைப் பட்டியலில் அக்கா பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியல் என் மேஜை வழியாகத்தான் போகும்.

வீட்டுக்குப் போனதும், "ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆகாது" என்றாள். எனக்குத் தைரியம் சொல்ல வேண்டியவள் அவளா?

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆகிவிட்டது. வலது கை நடுவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நிற்கின்றன. நேற்று ஒரு திருப்பத்தில் ஸ்டீயரிங் நழுவி வேன் நடைபாதையில் ஏறி இறங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, சிரித்தார்களாம். அக்கா சிரிக்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"யாரும் கேக்கலை. நானாத்தான் குடுத்தேன்" என்றாள். மூன்று மாதம் வேறு டிரைவரை வைத்துப் பார்ப்பார்களாம். அதற்குள் கை சரியானால் வேன் அவளுக்கு. இல்லாவிட்டால் இல்லை.

இன்று காலை சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். "வேண்டாம், முடியை வெட்டிக்கறேன்" என்றாள்.

மே 5, திங்கள்

மேல்முறையீட்டுக்காகக் காப்பீட்டு அலுவலகம், இரண்டாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அதிகாரி கோப்பைப் புரட்டி, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க ஆஸ்பத்திரி முத்திரையோட வர்ற விண்ணப்பத்துல பாதிக்கு மேல தனி அடுப்புதான். அதனாலதான் வீடு வீடா ஆள் அனுப்ப வேண்டியதாப் போச்சு. இருக்கிற ஆள் பத்தலை. நிஜமா ஏழைங்க கோப்பெல்லாம் வரிசையில நிக்குது."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரின் மனைவிக்கு இன்னும் வால்வு மாற்றவில்லை. கேட்டபோதெல்லாம் "ஆய்வாளர் இன்னும் வரலைம்மா" என்கிறார். ஆய்வாளர் எங்கே போயிருந்தார்? என் வீட்டு அடுப்பைத் தடவிப் பார்க்க. தன் வினை தன்னைச் சுட்டால் பரவாயில்லை. இது போகிற வழியில் யாரையெல்லாம் சுடுகிறது?

அறுபது நாளுக்குள் மறு ஆய்வு. முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

மே 6, செவ்வாய்

இன்று யாருக்கும் அடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு அம்மா தானாகவே கேட்டார், பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். "எது உண்மையோ அதை எழுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மே 9, வெள்ளி

"இனிமே நடிக்கிற வேலை வேண்டாம்" என்று அக்கா சொல்லிவிட்டாள். "தனியாச் சமைக்கிறேன்னு எழுதியாச்சு. தனியாவே சமைக்கிறேன். யாரு எப்ப வந்தாலும் பார்த்துக்கட்டும்."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா?"

"என் கைதானே."

அரிசி, பருப்பு, ஒரு பாத்திரம், இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது தட்டு யாருக்கு என்று கேட்கவில்லை. மகளுக்காம். அன்றைக்கு மட்டும் அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மே 20, செவ்வாய்

மூன்று பேருக்கு அளந்து போட எனக்குக் கை வரவில்லை. தினமும் ஒரு ஆள் சோறு மிஞ்சுகிறது.

ஜூன் 2, திங்கள்

சண்டை. பதினைந்து வருஷத்தில் இப்படிப் பேசிக்கொண்டதில்லை.

அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் வெங்காயத்தை நறுக்கி வைத்தேன். பீன்ஸையும். அவள் கத்தி பிடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அந்த வேகத்தில் அடுப்பையும் ஒரு தடவை துடைத்துவிட்டேன். வந்து பார்த்தாள்.

"இதை யாரு நறுக்கினது?"

"ஏன்க்கா, கஷ்டப்படறியேன்னு—"

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கு. அளவுகோல் வெச்சு வெட்டின மாதிரி. அந்தம்மா வந்து பார்த்தா இது என் கை வெட்டுன்னு நம்புவாங்களா? நீ உதவி பண்ணதெல்லாம் போதும்டி."

நானும் விடவில்லை. "யாருக்காக இவ்வளவும் பண்றேன்? எனக்கா விரல் மடங்கியிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டாயிற்று. அக்கா பீன்ஸ் எல்லாவற்றையும் வாரி என் கையில் கொட்டினாள்.

"எடுத்துட்டுப் போ. இனிமே அடுப்புல கை வெச்சா கையை முறிச்சுடுவேன்."

எந்தக் கையால் முறிப்பாள்? சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. சமையலறையில் நின்று பீன்ஸைப் பொரித்தேன், யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் 11, புதன்

மறு ஆய்வு முடிந்துவிட்டது. நாலு மணிக்கு வந்திருக்கிறார், அதே ஆய்வாளர். நான் வேலையில் இருந்தேன். வீட்டில் அக்காவும், பள்ளி விட்டு வந்த மகளும் மட்டும். மகள்தான் நடித்தே காட்டினாள்.

அடுப்பைப் பார்த்தாராம், விரலால் தடவவில்லையாம். தடவ வேண்டிய அவசியம் இருந்திருக்காது. எண்ணெய், பால், பருப்பு எல்லாம் காய்ந்து கிடக்கிறது. பிறகு கேட்டாராம்: "தங்கச்சி சமையலறை பத்தடி தூரத்துல இருக்கு. கையும் இப்படி இருக்கு. ஏங்க தனியாச் சமைக்கிறீங்க?"

அதற்கு அக்கா: "பதினஞ்சு வருஷம் அவ வெச்சதைச் சாப்பிட்டேன். நல்லாத்தான் சமைப்பா. உனக்கு என்ன வேணும்னு ஒருநாள் கேட்டதில்லை. அதான்."

ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டு போனாராம்.

"பெரியம்மா சூப்பரா நடிச்சாங்கம்மா" என்றாள் மகள்.

ஜூன் 12, வியாழன்

நடிப்புதானே?

ஜூன் 13, வெள்ளி

கவுன்டரில் இரண்டு படிவத்தில் தேதியை மாற்றி எழுதினேன். யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு தடவைகூடவா கேட்டதில்லை? உடம்பு சரியில்லாதபோது, "கஞ்சி வெக்கிறேன்" என்றிருக்கிறேன். "வெக்கிறேன்" என்றுதான். "வேணுமா" என்று இல்லை. வீட்டுக்காரருக்கு உறைப்பு ஆகாது, மகளுக்குக் கத்திரிக்காய் ஆகாது. அக்காவுக்கு என்ன ஆகாது? தெரியவில்லை. எதை வைத்தாலும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அது பிடித்துப் போய் என்று நினைத்தேன்.

கேட்டுவிடலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அதுதான் பயம்.

ஜூன் 20, வெள்ளி

நிலை: "அங்கீகரிக்கப்பட்டது." மூன்று தடவை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான். தனிக் குடும்பம், ஒரு நபர், இலவச அட்டை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

டிரிப். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. "ஊசி வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லை" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

அக்கா வேனை எடுத்துவிட்டாள். தெருமுனையில் தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். ஒன்று மகளுக்கு. இன்னொன்று எனக்காக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

பெரியவரின் மனைவிக்கு வால்வு மாற்றியாயிற்று. படியேறி வந்து சொன்னார். மறுபடியும் கண்ணாடியில் நெற்றி. மாலைவரை துடைக்கவில்லை. கூட வேலை பார்ப்பவள், "உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

திருத்தச் சுற்றறிக்கை. ஊர் முழுக்க அடுப்பு எண்ணி அலுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஏழாவது பிரிவு நீக்கம். "சம்பாதிக்கும் எவரும் தனி அட்டை பெறலாம்; உணவு உண்ணும் இடம் கணக்கில் கொள்ளப்படாது." இந்த ஒரு வரியை மார்ச்சிலேயே எழுதித் தொலைத்திருந்தால் என்ன?

அரை மணி முன்னதாகவே கிளம்பி ஓடினேன். அக்கா அடுப்புக்கு முன்னால் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன்.

"இனிமே நீ இங்க சமைக்க வேண்டாம்க்கா."

"யாரு சொன்னா?"

"அரசாங்கமே சொல்லிடுச்சு."

முட்டையைத் திருப்பிப் போட்டாள். விரல் ஐந்தும் நேராக நிற்கின்றன.

"அரசாங்கம் சொல்லித்தான் அடுப்பு வெச்சேன். அரசாங்கம் சொன்னா எடுத்துடணுமா?"

காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தேன். பத்தடிதான்.

ஆகஸ்ட் 20, புதன்

அப்படியானால் அது நடிப்பு இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். இன்று காலை பத்து மணிக்குப் பின்னறைக் கதவைத் தட்டினேன். என் வீட்டுக் கதவை நானே தட்டுவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் திறந்துகொண்டு நேரே உள்ளே போயிருக்கிறேன், கையில் தட்டோடு.

"திறந்துதான் இருக்கு" என்றாள் அக்கா.

கட்டிலில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு அந்தம்மாகிட்ட சொன்னியே. அது அட்டைக்காகச் சொன்னதா?"

"அட்டைக்காகத்தான் சொன்னேன்."

மூச்சு வந்தது எனக்கு. அக்கா ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

"சொன்னதுக்கு அப்புறம்தான் அது நிஜம்னு தெரிஞ்சுது."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. "எனக்குத் தெரியலைக்கா" என்றேன். "எனக்கே தெரியலை, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவள் குரலிலும் கோபம் இல்லை. அங்கேயே இருக்கப்போகிறாள். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னாள், நாளைக்கு வேனுக்கு டீசல் போட வேண்டும் என்று சொல்வது போல.

பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

எனக்கு என்ன பிடிக்கும்? வெகுநேரம் யோசித்தேன். அவள் அவசரப்படுத்தாமல் நின்றாள்.

"உருளைக்கிழங்கு" என்றேன். "நல்லா முறுகலா."

கோணல்மாணலாக நறுக்கிப் போட்டாள். எண்ணெய் தெறித்து அடுப்பைச் சுற்றி விழுந்தது, பழைய கறைமேல் புதுக் கறை. மேஜை ஓரத்தில் துணி கிடந்தது, கைக்கு எட்டுகிற தூரத்தில். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.